ஜெமினி என்று கேட்டால்தான் சீட்டு

குழு: சேதுக்கரை உறவுகள்

தம்பி, காலை 7.40
அஸ்ஸலாமு அலைக்கும். திங்கட்கிழமை சென்னையில் எனக்கு நேர்முகத் தேர்வு. அலுவலகம் அண்ணா மேம்பாலத்தை ஒட்டி இருப்பதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். போன முறை சென்றபோது பேருந்து நடத்துநரிடம் அண்ணா மேம்பாலத்துக்குச் சீட்டுக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஜெமினின்னு கேளு தம்பி" என்றார். அங்கே ஜெமினி என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா?

லாத்தா, காலை 7.52
வ அலைக்குமுஸ்ஸலாம். இல்லை, ஆனாலும் அப்படித்தான் கேட்க வேண்டும். நான் திருவல்லிக்கேணிக்குக் குடிவந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. அண்ணா சாலை என்ற பெயரைக் கடிதங்களிலும் கடைப் பலகைகளிலும் படித்திருக்கிறேனே தவிர, ஆட்டோக்காரரிடம் நானும் மவுண்ட் ரோடு என்றுதான் சொல்லி வருகிறேன்.

சாச்சா, காலை 8.15
தம்பி முழு வாக்கியங்களில் எழுதியதற்கு முதலில் பாராட்டு. இந்தக் குழுவில் வெறும் பூப்படங்களையே பார்த்துப் பார்த்து, 33 ஆண்டு தமிழ் கற்பித்தவன் என்பதே எனக்கு மறந்துவிடும் போலிருந்தது.
எஸ்.எஸ். வாசன் 1940-இல் அங்கிருந்த படப்பிடிப்பு நிலையம் ஒன்றை வாங்கி, அதற்கு ஜெமினி என்று பெயரிட்டார். இரண்டு சிறுவர்கள் குழல் ஊதும் சின்னத்தோடு அவர் படங்கள் தொடங்கும். 1948-இல் வெளிவந்து நாடெங்கும் ஓடிய 'சந்திரலேகா'வும் அங்கே உருவானதுதான். பிற்பாடு படப்பிடிப்பு நின்றது, நிலம் கைமாறியது, விடுதியும் வணிக வளாகமும் எழும்பின. இடையில் அந்த நாற்சந்தியில் மேம்பாலம் கட்டி, 1973 ஜூலை 1 அன்று திறந்து, அண்ணாவின் பெயரைச் சூட்டினார்கள். ஊர் வாயிலோ வாசன் வைத்த பெயரே நின்றுவிட்டது.

மாமா, காலை 8.31
அந்த மேம்பாலத்தைப் பற்றி மச்சான் பாதிதான் சொன்னார். அதைக் கட்டிய ஈஸ்ட் கோஸ்ட் நிறுவனம் நம் கீழக்கரை பி.எஸ். அப்துர் ரகுமான் அவர்களுடையது. 1972-இல் ராமநாதபுரத்தில் ரயிலேறி எழும்பூரில் இறங்கி, மவுண்ட் ரோட்டுக் கடை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தபோது எனக்கு வயது 17. மாலையில் கடை சாத்தியதும் நாங்கள் நாலைந்து பேர் நடந்துபோய், கம்பி கட்டுவதையும் காரை கொட்டுவதையும் வேடிக்கை பார்ப்போம். வேலை எங்கள் ஊர்க்காரருடையது என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லாமல் திரும்பிய நாள் ஒன்றுகூட இல்லை. கேட்டவர்கள் நம்பினார்களா என்பது வேறு.

தம்பி, காலை 8.36
அந்தப் பாலத்தின் அடியில் குதிரையை ஒருவர் இழுத்துப் பிடிக்கும் சிலை இருக்கிறதே, அது எதற்கு?

சாச்சா, காலை 8.50
குதிரைப் பந்தயத்தை அரசு ஒழித்ததன் நினைவாக வைத்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பந்தயம் சூதன்று, திறமை சார்ந்த ஆட்டமே என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், கிண்டியில் குதிரைகள் தொடர்ந்து ஓடின. அடக்கப்பட்ட குதிரையோ பாலத்தடியில் அப்படியே நின்றது.
அதே சாலையின் மறுமுனையில், தீவுத்திடல் பக்கம், 1839-இல் நிறுவிய சர் தாமஸ் மன்றோ சிலையின் குதிரைக்குச் சேணமும் கிடையாது, கால் வைக்கும் வளையமும் கிடையாது. சிற்பி மறந்துவிட்டான் என்று சென்னையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். உழவரிடம் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை நிலைநாட்டிய ஆளுநர் அவர். நம் சேதுச் சீமை ஜமீனாகவே இருந்தபடியால், அவர் குதிரை நம் கரைப்பக்கம் வரவில்லை என்று வகுப்பில் சொல்வேன். ஒரு பையனும் சிரித்ததில்லை.

நான், காலை 9.05
சாச்சா, சாலைக்கு மவுண்ட் என்ற பெயர் வந்தது எப்படி என்று சொல்லவில்லையே?

சாச்சா, காலை 9.40
கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குச் செல்லும் வழி என்பதால் வந்த பெயர். மலை என்பதைத்தான் அவர்கள் மவுண்ட் என்றார்கள். இடையில் அடையாறு குறுக்கிட்டது. அதன்மேல் சைதாப்பேட்டையில் 1726-இல் பாலம் கட்டியவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர். கும்பினியாரிடம் காசு கேட்காமல் தம் கைப்பொருளைக் கொண்டு கட்டியதோடு, பிற்காலத்தில் பழுது பார்ப்பதற்கும் தனியே பணம் ஒதுக்கி வைத்தார். பரங்கிமலை உச்சிக்கு ஏறும் கற்படிகளும் அவர் செய்வித்தவையே. மாம்பலம் என்ற ஊர்ப்பெயர் வெள்ளையர் நாவில் சிதைந்து, அந்தப் பாலம் மார்மலாங் பாலம் ஆயிற்று. இன்று அதே இடத்தில் இருப்பது மறைமலையடிகள் பெயர் தாங்கிய புதுப்பாலம்.
கடல் கடந்து வணிகம் செய்த ஒருவர் தாம் குடியேறிய ஊரின் ஆற்றுக்குப் பாலம் போட்டதை, சீதக்காதி வள்ளலின் ஊரில் இருந்துகொண்டு படிக்கும்போது எனக்கு அவர் அந்நியராகத் தோன்றவில்லை.

லாத்தா, காலை 9.58
எங்கள் பக்கத்து ஆயிரம் விளக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆற்காடு நவாப் குடும்பத்தார் முஹர்ரம் நாட்களில் ஷியா மக்கள் கூடுவதற்காக அங்கே ஒரு மண்டபம் எழுப்பி, ஆயிரம் விளக்கு ஏற்றி வைத்தார்கள் என்பதிலிருந்து வந்த பெயர் அது. இப்போதிருக்கும் பள்ளிவாசல் பிற்காலத்தது. விளக்குகள் அணைந்து எத்தனையோ தலைமுறைகள் ஆனபின்பும், அது ஒரு தொகுதிக்குப் பெயராகவும், காவல் நிலையத்துக்குப் பெயராகவும், பூமிக்கடியில் ஓடும் மெட்ரோவின் நிலையத்துக்குப் பெயராகவும் எரிந்துகொண்டிருக்கிறது. நான் வெள்ளிக்கிழமைகளில் அந்த வழியாகச் செல்லும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்வதுண்டு. அவர்கள் ஜன்னல் பக்கத்து இருக்கைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

மாமா, காலை 10.20
நீங்கள் எல்லோரும் பாலமும் பள்ளியும் பேசுகிறீர்கள். எங்களைப் போன்ற கடைப்பையன்களுக்கு மவுண்ட் ரோடு என்றால் கொட்டகைகள்தான். 1961-இல் திறந்த சாந்தி, 1970-இல் திறந்த தேவி, ஆனந்த், அலங்கார், பிளாசா, கெயிட்டி, கேசினோ என்று நடந்துபோகும் தூரத்துக்குள் அத்தனை திரைகள். எல்லாவற்றுக்கும் மேலே 1964-இல் வந்த சபையர். ஒரே கூரையின்கீழ் சபையர், எமரால்டு, புளூ டைமண்ட் என்று மூன்று அரங்குகள். அவற்றுள் புளூ டைமண்டில் படம் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் நுழையலாம்; ஒரு சீட்டு வாங்கிவிட்டால் எழுந்து போ என்று எவரும் சொல்லமாட்டார்கள். சித்திரை வெயிலில், விடுமுறை நாளில், பாதிப் படத்தில் உள்ளே போய், குளிர்ந்த காற்றில் ஒரு தூக்கம் போட்டு, விழித்து மீதிப் படம் பார்த்து, பிறகு முதலிலிருந்து அதே படத்தைப் பார்த்து வெளியே வருவோம். ஆங்கிலம் ஒரு சொல்லும் புரியாது. முடிவைப் பார்த்த பிறகு தொடக்கத்தைப் பார்ப்பதால், கொலை செய்தவன் யார் என்பது மட்டும் எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.
பசித்தால் புகாரி. 1951 முதல் அந்தச் சாலையில் இருக்கும் கடை. பிரியாணி சம்பள நாளில் மட்டும். மற்ற நாட்களில் ஒரு தேநீரை முக்கால் மணி நேரம் குடிப்போம். சிக்கன் 65 தங்கள் அடுப்பில் 1965-இல் பிறந்ததால் வந்த பெயர் என்று அவர்கள் சொல்வார்கள்.

உம்மா, காலை 10.27
ஊருக்குப் பணம் அனுப்ப முடியாமல் கடையில் கூலி பிடித்துவிட்டார்கள் என்று அந்த ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு நீ எழுதிய கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. புளூ டைமண்ட் கணக்கு இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

மாமா, காலை 10.29
கடையில் கூலி பிடித்ததும் உண்மைதான், அக்கா. இரண்டுக்கும் பொறுப்பு நானே.

சாச்சா, காலை 10.55
சினிமா என்றால் அதற்கும் முந்திய கதை உண்டு. 1913-இல் வார்விக் மேஜர் என்பவர் கட்டிய எலக்ட்ரிக் தியேட்டர் அந்தச் சாலையில்தான் இருந்தது. பின்னர் அது அஞ்சல் துறைக்குப் போயிற்று. ஊமைப்படம் ஓடிய இடத்தில் தபால்தலை விற்றார்கள். மாமா சொன்ன சபையரும் ஆனந்தும் சாந்தியும் போய்விட்டன, தேவி இருக்கிறது.
ஸ்பென்சரின் விதி இன்னும் விசித்திரம். சிவப்புச் செங்கல்லில் 1895-இல் எழுப்பிய பெருங்கடையை 1983-இல் தீ தின்றது. அந்த இடத்தில் 1991-இல் ஸ்பென்சர் பிளாசா வந்து, சென்னைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு முறை ஏறி இறங்கும் படிக்கட்டு ஆனது. பிறகு ஊர் முழுக்கப் புதுப்புது வளாகங்கள் எழவே, அங்கும் கூட்டம் கலைந்தது. எதிர்ப்பக்கம் சற்றுத் தள்ளி ஹிக்கின்பாதம்ஸ். 1844-இல் தொடங்கிய புத்தகக் கடை இன்றும் புத்தகமே விற்கிறது என்பது அந்தச் சாலையில் சிறிய செய்தியன்று. தம்பி, நேர்முகத் தேர்வு முடிந்ததும் அங்கே உள்ளே போய்விட்டு வா, ஒன்றும் வாங்காவிட்டாலும் பரவாயில்லை.

நான், காலை 11.10
எல்.ஐ.சி. கட்டடத்தை விட்டுவிட்டீர்கள். வாப்பாவின் பழைய படத்தில் பின்னால் நிற்பது அதுதானே?

சாச்சா, காலை 11.24
அதேதான். 177 அடி, 1959-இல் திறந்தபோது இந்தியாவிலேயே அதைவிட உயர்ந்த கட்டடம் இல்லை. தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், தம் காப்பீட்டு நிறுவனத்துக்காக. 1956-இல் ஆயுள் காப்பீட்டை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டதால், கட்டிடம் முடிவதற்குள் உரிமையாளர் மாறிவிட்டார். அண்ணாந்து பார்ப்பதற்கென்றே நம் ஊரிலிருந்து ரயிலேறியவர்களை நான் அறிவேன். சிரிக்காதீர்கள், பாம்பன் பாலத்தைப் பார்க்க அவர்கள் வருவதில்லையா?
அண்ணா சிலையும் ஒரு வகையில் அரிது. 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி, அவர் உயிருடன் முதலமைச்சராக இருக்கும்போதே திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், அந்தச் சிலைக்கு எட்டும் தூரத்தில் உள்ள ராஜாஜி மண்டபத்தில் அவர் உடலை வைத்தார்கள். 1802-இல் ஆங்கில ஆளுநர் விருந்தும் நடனமும் நடத்தக் கட்டிய மண்டபம் அது. காமராசர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என்று தமிழ்நாடு தன் தலைவர்களை வரிசையாக வந்து வணங்கி அனுப்பிய வாசலாக அதுவே ஆயிற்று.

தம்பி, காலை 11.31
அப்படியானால் சாலைக்கே அண்ணா பெயர் வைத்த பிறகும் ஏன் எவரும் அதைச் சொல்வதில்லை?

மாமா, காலை 11.36
நீ மண்டபம் கேம்ப் என்று சொல்கிறாயே, அந்தப் பெயர் எந்த கேம்ப்பால் வந்தது என்று என்றைக்காவது கேட்டாயா? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய கூலிக் குடும்பங்களை நோய்க்காகத் தடுத்து நிறுத்தி வைத்த முகாம் அது. தோட்டத்துக்குப் போகிறவர்களும் இல்லை, கப்பலும் இல்லை. ரயில் நிலையத்துப் பலகையில் இன்னும் மண்டபம் கேம்ப் என்றே எழுதியிருக்கிறது. உன் பாட்டியின் உடன்பிறந்தவர் அங்கே ஆறு நாள் படுத்திருந்தார்.

சாச்சா, காலை 11.44
மச்சான் சொன்னதற்கு மேல் நான் ஒன்றும் சேர்ப்பதற்கில்லை. தம்பி, கடிதத்தில் அண்ணா மேம்பாலம் என்றே எழுது, பேருந்தில் ஜெமினி என்றே கேள்.

லாத்தா, காலை 11.50
பேருந்தே வேண்டாம். எழும்பூரில் இறங்கி மெட்ரோவில் ஏறு. சென்ட்ரலில் மாறினால் அரசினர் தோட்டம், எல்.ஐ.சி., அடுத்தது ஆயிரம் விளக்கு. அங்கே மேலே வந்து நின்றுகொள், நான் வந்து அழைத்துப் போகிறேன்.

உம்மா, காலை 11.53
தொதல் இரண்டு கிலோ கட்டி வைக்கிறேன். ஒன்று லாத்தாவுக்கு. மற்றொன்றை ரயிலிலேயே தின்றுவிடாதே.