பல்ஸ் புளூரேவுக்காகக் காத்திருந்தவர்கள் கை தூக்குங்கள்

திண்ணைக்காரன்:

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் முறை. பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1994இல் லண்டனில் நடத்திய கச்சேரியின் ‘பல்ஸ்’ டிவிடி 2006 ஜூலையில் வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. லண்டன் போயிருந்த ஆபீஸ் நண்பரிடம் பணம் கொடுத்து வாங்கிவரச் சொன்னேன். ஜூலை 7 அன்று அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட் இறந்துபோனார், 10ஆம் தேதி அங்கே டிவிடி கடைக்கு வந்தது. கச்சேரி தொடங்குவதே அவரை நினைத்து எழுதிய ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ பாட்டில்தான். அந்த வாரம் அதை முதல்முறை பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

வீட்டில் அப்போது 21 இன்ச் டப்பா டிவி. அதில் எல்லாம் அமோகமாகத் தெரிந்தது. நான்கு வருடம் கழித்து 40 இன்ச் எல்சிடி வாங்கி, முதல் வேலையாக இதே தட்டைப் போட்டேன். போட்டிருக்கவே கூடாது. ‘கம்ஃபர்டபிளி நம்ப்’ பாட்டில் குழுவின் கிட்டார்க்காரர் கில்மோர் கடைசி கிட்டார் சோலோவை இழுத்துக்கொண்டிருக்கும்போது, அரங்கத்தின் நடுவிலிருந்து ஒரு பிரம்மாண்டக் கண்ணாடி உருண்டை எழும்பிவந்து தாமரை மாதிரி இதழ் விரிக்குமே, அந்த இடத்தில் ஒளிக்கற்றை எல்லாம் சதுரம் சதுரமாக உடைந்து, டிவியில் யாரோ மொசைக் பதித்த மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம், டிவிடியைவிடத் தெளிவாகத் தெரியும் புளூரே தட்டு எப்போது வரும் என்று. வருடா வருடம் யாராவது ஒருவர் ‘அடுத்த வருடம் உறுதி’ என்று எழுதுவார், நானும் நம்புவேன்.

2019 டிசம்பரில் ஒருவழியாக வந்தது, ஆனால் ‘தி லேட்டர் இயர்ஸ்’ என்ற பெரிய பாக்ஸ் செட்டுக்குள். பல்ஸ் மட்டும் வேண்டும் என்றால் தனியாகக் கிடையாது. கறிவேப்பிலைக்காகக் காய்கறிக் கடையையே விலை பேசுகிற கதைதான். விலையைப் பார்த்த என் மனைவி, இந்தக் காசுக்கு வாஷிங் மெஷின் வாங்கலாமே என்றார். வாங்கினோம். வாஷிங் மெஷின்தான்.

தனி புளூரே 2022 பிப்ரவரியில் வந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். பார்சல் நம் ஊர் சுங்கத்தில் பதினெட்டு நாள் உட்கார்ந்திருந்தது, அப்புறம் ஒரு தீர்வைச் சீட்டோடு வந்து சேர்ந்தது. பழைய மாஸ்டர் டேப்புகளிலிருந்து புதிதாக எடிட் செய்த பதிப்பு என்பதால், பதினாறு வருடம் மனப்பாடம் செய்து வைத்திருந்த இடங்களில் வேறு ஷாட் வந்து என்னைத் தடுக்கி விழவைத்தது. ‘தி கிரேட் கிக் இன் த ஸ்கை’ பாட்டில் சாம் பிரவுன், டர்கா மெக்ப்ரூம், கிளாடியா ஃபான்டெய்ன் என்ற பாடகிகள் மூவரும் மாறி மாறிப் பாடும்போது முகங்கள் முகங்களாகத் தெரிந்தன. கண்ணாடி உருண்டையும் மொசைக் இல்லாமல் விரிந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், இன்றைய படங்களைப் போல ‘பளிச்’ என்று இல்லை, ஓரங்களில் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருக்கிறது. ஏன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹாரோவிலிருந்து:

தம்பி, நீர் டிவிடிக்குக் காத்திருந்தீர், நான் நேரிலேயே பார்த்தனான். 1994 ஒக்டோபர், லண்டனுக்கு வந்து நாலு வருசம், இரவிலே பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரப் பெடியன் ஏர்ல்ஸ் கோர்ட் மண்டபத்தில் முதல் நாளுக்கு, அதாவது 12ஆம் திகதிக்கு, இரண்டு ரிக்கெற் எடுத்திருந்தான். அன்றைக்கு நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் சுமார் 1,200 பேர் இருந்த ஒரு இருக்கைப் பகுதி அப்படியே சரிந்து விழுந்தது. பலருக்குக் காயம், நிகழ்ச்சியும் இல்லை. அதை 17ஆம் திகதிக்கு மாற்றினார்கள். அவனோடு போன சிநேகிதன் இனி அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்ல, அந்த ரிக்கெற் எனக்கு வந்தது. பிங்க் ஃப்ளாய்ட் என்றால் யார் என்று எனக்கு அப்போது சரியாகத் தெரியாது.

எனக்கு இன்றும் மறக்காதது வெளிச்சம் இல்லை, சத்தம். ‘மணி’ பாட்டு தொடங்கும்போது கல்லாப்பெட்டி சத்தம் முதுகுப் பக்கமிருந்து வந்தது. மேடையைச் சுற்றி மட்டுமில்லை, மண்டபத்தின் பின்னாலும் ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள் என்று பிறகுதான் விளங்கியது. இரவு முழுக்கக் கல்லாப்பெட்டியோடு மாரடிக்கிறவனுக்கு அந்தச் சத்தம் பின்னாலிருந்து கேட்டால் என்ன செய்வான்? ஆராவது சாமான் வாங்க வந்து நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன்.

பல்ஸ் தட்டு வந்தபோது பிள்ளைகள் என்னைக் கூட்டத்தில் தேடினார்கள். படம் பிடித்தது 20ஆம் திகதி, நான் போனது 17, எங்கே தேடியும் அப்பா இல்லை. இப்போது அந்த மண்டபமும் இல்லை. 2014 டிசம்பரில் கடைசிக் கச்சேரி, பாம்பே பைசிக்கிள் கிளப் என்ற குழு வாசித்தது, அதில் கில்மோர் வந்து கிற்றார் வாசித்துவிட்டுப் போனார். பிறகு இடித்துவிட்டார்கள். புளூரேயில் நான் பார்ப்பது பாட்டுக்காரரைக் குறைவு, கூரையையும் படிக்கட்டையும்தான் கூட.

டேப் டாக்டர்:

திண்ணைக்காரரின் பஞ்சுக் கேள்விக்கு வருகிறேன். என் பிழைப்பே இதுதான், பழைய கல்யாண கேசட்டுகளை கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது வந்து ‘4கே ஆக்கிக் கொடுங்க’ என்பார்கள். மணப்பெண்ணின் கூறைப்புடவை ஜரிகை தனித்தனி இழையாகத் தெரியணுமாம். டேப்பில் அது ஒரு மஞ்சள் பட்டைதான், இழையே பதிவாகவில்லை, நான் எங்கே போய்க் கொண்டுவருவேன்?

பல்ஸும் அப்படித்தான். 1994இல் அதை வீடியோ டேப்பில் எடுத்தார்கள், அந்தக் காலத்து டிவியின் தரத்துக்கு. வண்ணத்தைச் சரிசெய்யலாம், இரைச்சலைக் குறைக்கலாம், நல்ல மென்பொருளால் பெரிதாக்கலாம், சரி, ஆனால் கேமரா பார்க்காததைக் காட்ட முடியாது. இதே குழுவின் ‘டெலிகேட் சவுண்ட் ஆஃப் தண்டர்’ கச்சேரிப் படம் ஆறு வருடம் முந்தியது, 1988 ஆகஸ்டில் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் உள்ள நாசோ கொலிசியம் அரங்கத்தில் எடுத்தது. ஆனால் அதை 35 எம்எம் ஃபிலிமில் எடுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நெகட்டிவ் டப்பாக்களைத் திறந்து புதிதாக ஸ்கேன் செய்து, 2020 நவம்பரில் தனியாக வெளியிட்டார்கள். கிட்டார் கம்பியில் வெளிச்சம் ஓடுவதைப் பார்க்கலாம்.

அதையும் விடுங்கள். 1971 அக்டோபரில் பாம்பேயில் (நம்ம பம்பாய் இல்லை, எரிமலைச் சாம்பலில் மூடிய இத்தாலி ஊர்) ஒரு ரசிகர்கூட இல்லாத பழைய அரங்கில் வாசித்தார்களே, அந்தப் படம், ஏட்ரியன் மேபன் இயக்கியது. அதன் 35 எம்எம் நெகட்டிவை 4கேயில் ஸ்கேன் செய்து, 2025 ஏப்ரலில் தியேட்டரில் காட்டி, மே 2 அன்று புளூரேயாக விட்டார்கள், ஒலிக்கலவை ஸ்டீவன் வில்சன். நிக் மேசன் டிரம்ஸில் ஒரு குச்சி கை நழுவிப் போய், அடுத்த நொடி வேறு குச்சியோடு அடிக்கிறாரே, அதைப் பாருங்கள். பல்ஸைவிட 23 வருடம் பழையது, இன்று பார்த்தால் அதுதான் புதுசாகத் தெரிகிறது. 90களில் வீடியோவில் எடுத்த கச்சேரிக்காகக் காத்திருப்பவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், ஃபிலிமில் எடுத்ததற்குக் காத்திருப்பவர்கள் தாராளமாகக் காத்திருங்கள்.

கடைசி பெஞ்ச்:

என் கதை லெட் செப்பலின், இன்னொரு பிரிட்டிஷ் ராக் குழு. 2007 டிசம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கில் ஒரே ஒரு ராத்திரி, மறைந்த டிரம்மர் ஜான் பான்ஹமின் இடத்தில் அவர் மகன் ஜேசன் டிரம்ஸில். தட்டு வந்தது 2012 நவம்பரில். ஐந்து வருடம்! அதற்குள் காலேஜ் முடித்து, அரியர் எழுதி, வேலையும் கிடைத்துவிட்டது. தட்டு கைக்கு வந்த பிறகுதான் உறைத்தது, வீட்டில் புளூரே பிளேயரே இல்லை. பக்கத்துத் தெருப் பையனின் பிளேஸ்டேஷன் 3இல் போட்டோம். ‘காஷ்மீர்’ பாட்டு தொடங்கி இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, அவன் அம்மா வந்து சீரியல் நேரம் என்றார். மீதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன்.

திண்ணைக்காரன்:

டாக்டர், மூன்று வருடச் சந்தேகம் தீர்ந்தது, நன்றி. பஞ்சோடு சமாதானம் ஆகிவிட்டேன். ஹாரோ அண்ணா, இன்று ராத்திரி உங்களுக்காகக் கூரையைப் பார்க்கிறேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. 1995இல் வந்த பல்ஸ் சிடி பெட்டியின் முதுகில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு நாடித்துடிப்பு மாதிரி மினுக்கிக்கொண்டே இருக்கும், நினைவிருக்கிறதா? புளூரேயிலும் அதை வைத்திருக்கிறார்கள். என்னுடையது அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்து அடுக்கில் இருந்தது. இருட்டில் மினுக்கினால் என் அம்மா சாமி விளக்கு அணையப்போகிறது என்று எழுந்து எண்ணெய் ஊற்றப் போய்விடுவார். இப்போது பேட்டரி தீர்ந்துவிட்டது. புதுசு போடாதே என்று உத்தரவு.