நானோஎமல்ஷன்: 'பால்மம்' போதுமா, 'துளிமம்' வேண்டுமா?

> 'அத்தியாவசிய எண்ணெய்களுக்கான மீநுண் பால்மக் கடத்தல்' என்று வைத்துக்கொள்ளலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். 'நானோஎமல்ஷன் டெலிவரி ஃபார் எசென்ஷியல் ஆயில்ஸ்' என்பதைத் தமிழில் மேலே உள்ளபடி வைத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி. எமல்ஷன் என்பது நீரில் எண்ணெய் சிறு துளிகளாகப் பரவி நிற்கும் கலவை; அந்தத் துளிகள் மிக மிகச் சிறியதாக இருந்தால் நானோஎமல்ஷன்.

முதலில் 'கடத்தல்'. வெப்பக் கடத்தல், மின்கடத்தல் எல்லாம் சரி. மருந்துப் பேச்சில் அந்தச் சொல் வந்தால் படிப்பவருக்குச் சுங்கத் துறைதான் நினைவுக்கு வரும். 'விநியோகம்' என்றால் பார்சல் வண்டி. தைலம் சிதையாமல், பறந்துவிடாமல், வேண்டிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதானே வேலை? 'சேர்ப்பு' போதும், சுமந்து செல்வதைச் 'சேர்ப்பி' எனலாம். (நெய்தல் நிலத்துச் சேர்ப்பன் கோபிக்க மாட்டான்.)

'அத்தியாவசிய எண்ணெய்' ரேஷன் கடைப் பாமாயில் மாதிரி இருக்கிறது. மூலத்தில் உள்ள 'எசென்ஷியல்' சொல்வது சாரத்தை (எசென்ஸ்), தேவையை அல்ல. வெறும் 'தைலம்' என்றால் நல்லெண்ணெயில் காய்ச்சுகிற மூலிகைத் தைலமும் அதில் வந்துவிடும். என் வாக்கு 'ஆவித்தைலம்'.

இனி பால்மம். பாடநூலில் பழகிய நல்ல சொல், எனக்கும் பிடிக்கும். சிக்கல் வேறு. ஆவி பிடிக்கும் சட்டியில் நீலகிரித் தைலம் நாலு சொட்டு விட்டால், ரசத்தில் நெய் மிதப்பது போல வட்டம் வட்டமாக மிதக்கும். பரப்பை இளக்கும் பொருள் (சர்ஃபாக்டன்ட்) ஏதாவது சேர்த்து நன்றாகக் கலக்கினால் பால் போல வெளுக்கும். அது பால்மம்தான். அதையே மீயொலியால் இன்னும் உடைத்து, துளிகளை 100 நானோமீட்டருக்கும் நன்றாகக் கீழே கொண்டுபோனால் வெள்ளை போய்விடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 நானோமீட்டருக்கு மேல். அவ்வளவு சிறிய துளி அதை அதிகம் சிதறடிக்காது. டம்ளருக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் படிக்கலாம். பால் நிறமே இல்லாததைப் பால்மம் என்பானேன்? கூழ்மம், பால்மம் வரிசையில் 'துளிமம்' உட்காரும் என்று நினைக்கிறேன்.

'மீநுண்' இன்னும் வம்பு. 1959-இல் வேதியியலர் ஷுல்மன் குழுவினர் 'மைக்ரோஎமல்ஷன்' என்று பெயர் வைத்தது தானாகவே உருவாகி நிலைத்து நிற்கும் கலவைக்கு. அதன் துளிகள் பெரும்பாலும் நானோஎமல்ஷனின் துளிகளைவிடச் சிறியவை! மைக்ரோவுக்கு நுண், நானோவுக்கு மீநுண் என்று அடுக்கினால் மாணவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். 'நானோத் துளிமம்' என்றே விடுவோம். நானோ இப்போது தமிழ்தான்.

ஒன்றில் மட்டும் மாட்டிக்கொண்டேன். ஆவித்தைலம் நீரில் சிறிது கரையும். அதனால் சிறு துளி கரைந்து கரைந்து பெருந்துளியில் போய்ச் சேர, தெளிவாக இருந்தது நாளாக நாளாக வெளுக்கிறது. சூரியகாந்தி எண்ணெய் போல நீரில் கரையாத ஒன்றைத் தைலத்தோடு கலந்து இதைத் தடுக்கிறார்கள். சிறு துளி கரைந்து பெருந்துளி வளரும் இந்த நிகழ்வுக்கு ஆஸ்ட்வால்ட் ரைப்பனிங் என்று பெயர். 'பழுத்தல்' என்றால் மாம்பழம். 'துளி விழுங்கல்' என்று எழுதிப் பார்த்தேன்; அது இரண்டு துளி மோதி ஒன்றாவதற்கே பொருந்தும், இங்கே துளிகள் தொட்டுக்கொள்வதே இல்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?