நாகர்கோவில் மாநகராட்சி ஆணையர் பணிக்கு விண்ணப்பம் எப்போ வரும்?

குழித்துறைக்காரன்:
தங்கச்சிக்காகக் கேக்கேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி, பி.காம் திருவனந்தபுரத்துல இங்கிலீஷ் மீடியம். பிசி. கல்யாணம் ஆயிட்டு. நாகர்கோவில் ஆணையர் வேலைக்கு எங்க விண்ணப்பிக்கணும்? தமிழ் வழி 20% இடஒதுக்கீடு கிடைக்குமா?

தக்கலை ஓய்வு:
அப்படி ஒரு விண்ணப்பமே கிடையாது தம்பி. 52 வார்டு கவுன்சிலர்களும் சேர்ந்து மேயரைத்தான் தேர்ந்தெடுப்பாவ. ஆணையரை நியமிக்கிறது மாநில அரசு. ஐஏஎஸ்காரரோ, நகராட்சிப் பணியில படிப்படியா மேல வந்தவரோ மாறுதல்ல வருவாரு.

நுழையற வாசல் டிஎன்பிஎஸ்சி, அதாவது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம். குரூப் 2, 2ஏ அறிவிக்கை வந்ததும் பணியிடப் பட்டியல்ல 'நகராட்சி ஆணையர், இரண்டாம் நிலை' இருக்கான்னு பாருங்க. எல்லாத் தடவையும் இருக்காது. குளச்சலோ பத்மநாபபுரமோதான் வேணும்னும் கேக்க முடியாது, தமிழ்நாட்டுல எங்க போட்டாலும் போகணும்.

டிஎன்பிஎஸ்சி இணையதளத்துல நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய், 5 வருஷம் செல்லும். முதல்நிலைத் தேர்வு 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். தெரியாத கேள்விக்கு 'விடை தெரியவில்லை' வட்டத்தையாவது கருப்பாக்கணும். வெறுமனே விட்டா மதிப்பெண் போகும்.

மார்த்தாண்டம் பயிற்சி:
20% கிடைக்காது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒண்ணாம் வகுப்புல இருந்து பட்டம் வரை முழுக்கத் தமிழ் வழி வேணும். பி.காம் இங்கிலீஷ்ல முடிச்சதால விண்ணப்பத்துல தமிழ் வழி கேக்குற கட்டத்துல 'ஆம்'னு போட்டுராதீங்க, சான்றிதழ் சரிபார்ப்புல மாட்டும்.

கேரளப் பட்டம் பிரச்சினை இல்ல, ஆனா ரிசல்ட் தேதி அறிவிக்கை தேதிக்கு முன்னால இருக்கணும்.

நம்ம பக்கம் நிறையப் பேர் சறுக்குற இடம் சாதிச் சான்றிதழ். கல்யாணம் ஆன பொண்ணு கணவர் பேர்ல வாங்கி வச்சிருப்பா. செல்லாது. அப்பா பேர்லதான் இருக்கணும். இப்பவே இ-சேவையில போட்டு வாங்கிடுங்க, கடைசி வாரத்துல தாலுகா ஆபீசுக்கு ஓடாதீங்க.

மலைப்பக்கம்:
கூடவே ஒண்ணு. காணிக்காரர் பழங்குடியா பட்டியல்ல இருக்கறது கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை, அம்பாசமுத்திரம் தாலுகாக்களுக்கு மட்டும். வேற ஊருக்குக் குடிபோனவங்க சாதிச் சான்றிதழ் வாங்க சொந்த ஊர் ஆவணத்தோட போங்க.

குழித்துறைக்காரன்:
நன்றி அண்ணன்மாரே. மெயின்ஸ்ல, அதான் முதல்நிலைக்கு அடுத்த முதன்மைத் தேர்வுல, தமிழ்த் தாள் கஷ்டமா? காலேஜ்ல இரண்டாம் மொழி மலையாளம் எடுத்தா.

மார்த்தாண்டம் பயிற்சி:
பத்தாம் வகுப்புத் தரம்தான், 100-க்கு 40 எடுத்தா போதும். ஆனா 39 எடுத்தா அடுத்த தாளைத் திருத்தவே மாட்டாவ. மொழிபெயர்ப்பு, சுருக்கி வரைதல், கடிதம் எல்லாம் கையால எழுதணும். மலையாளம் பழகின கைக்கு ல, ள, ழ-வும் ஒற்று மிகும் இடமும்தான் காலை வாரும். தினம் ஒரு பக்கம் எழுதிப் பழகச் சொல்லுங்க.

தக்கலை ஓய்வு:
இப்போ குரூப் 2, 2ஏ-க்கு நேர்முகத் தேர்வே இல்ல. 'நேர்முகத்துல பாத்துக்கலாம்'னு யாராவது காசு கேட்டா, வாசலோட அனுப்பிடுங்க.