ஏடிஎச்டி பிள்ளைகள்: பள்ளி விட்டு வந்ததும் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது?

காவேரிப்பட்டணம் அம்மா:

மகன் மூன்றாம் வகுப்பு. போன வருடம் ஏடிஎச்டி (கவனம் நிற்காமல் போவது, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு) என்று உறுதியானது. காலை நேரத்தைப் பற்றி எழுதப் போவதில்லை, அது எல்லா வீட்டிலும் ஓட்டம்தான். 4.45க்கு வேன் வந்து நிற்பதில் ஆரம்பித்து இரவுச் சாப்பாடு வரைக்கும்தான் எங்களுக்குப் பாடு.

இறங்கும்போதே முகம் கடுகடு என்றிருக்கும். ஷூ ஒரு மூலை, பை ஒரு மூலை. தங்கையைத் தள்ளுவான். "தண்ணி குடிக்கிறியா கண்ணு" என்றால் அதற்கும் அழுகை. பள்ளியில் கேட்டால் "அமைதியாத்தானே இருக்கான்" என்கிறார்கள். உடனே மாமியார், "அப்போ எல்லாம் உன் செல்லம்தான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

டாக்டரிடம் கேட்டபோது கணக்கு புரிந்தது. ஏடிஎச்டிக்கு இவனுக்குக் கொடுக்கும் மருந்து மெத்தில்ஃபெனிடேட். அதில் சாதாரண மாத்திரை சுமார் 4 மணி நேரம்தான் வேலை செய்யும். மெதுவாகக் கரையும் வகை 8 மணி நேரமோ அதற்கு மேலோ நிற்கும். இவனுக்கு இரண்டாவது வகை. காலையில் போட்டால், வேன் வாசலுக்கு வரும் நேரத்தில் மருந்தின் வேகம் குறைந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் சில பிள்ளைகளுக்கு எரிச்சல் கூடுமாம். போதாததற்கு இந்த மருந்து பசியையும் அடக்கும், டிபன் பாக்ஸ் பாதி அப்படியே திரும்பி வரும். ஆக, அவன் வந்து இறங்குவது பட்டினியோடு. நாள் முழுக்க அடங்கி உட்கார்ந்திருந்த அலுப்பு வேறு.

ஊர் வழக்கப்படி அவனுக்கும் 5 மணி டியூஷன் இருந்தது. "இவனால மத்த பிள்ளைங்களும் கெடுதுங்க" என்று டியூஷன் டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னார், அவனும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அன்றோடு நிறுத்திவிட்டோம்.

இப்போது வந்ததும் எந்தக் கேள்வியும் கிடையாது. "இன்னைக்கு என்ன நடத்துனாங்க" என்றுகூடக் கேட்பதில்லை. முதலில் வயிறு நிறைய வேண்டும். பிஸ்கட்டும் டீயும் அதற்குக் காணாது. கேழ்வரகு அடை, அவித்த வேர்க்கடலை, மதியக் குழம்பும் சோறும், எது இறங்குகிறதோ அது. அப்புறம் பின்னால் மாமனாரின் மாந்தோப்புக்குப் போய்விடுவான். குடத்தில் தண்ணீர் சுமந்து கன்றுகளுக்கு ஊற்றுவது அவன் பொறுப்பு. கனம் தூக்கி, ஓடி, வேர்த்துவிட்டு வந்தால் ஆளே வேறு. (தோப்பு எல்லோருக்கும் இருக்காது, தெரியும்.) 6 மணிக்குத்தான் புத்தகம். 10 நிமிடம் எழுதுவான், எழுந்து ஒரு சுற்று போய் வருவான், மறுபடி 10 நிமிடம். நின்று எழுதினாலும் குப்புறப் படுத்து எழுதினாலும் நான் ஒன்றும் சொல்வதில்லை. போன் மட்டும் வீட்டுப்பாடத்துக்கு முன்னால் கிடையாது. கொடுத்தால் திரும்ப வாங்குவதற்குள் சாயங்காலமே முடிந்துவிடும்.

மாமியார் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடை சுடுவது அவர்தான்.

ஓசூர் அப்பா:

என் மகள் ஓட மாட்டாள், குதிக்க மாட்டாள், யாரையும் அடிக்க மாட்டாள். மறப்பாள், அவ்வளவுதான். ஷூவைக் கழற்ற உட்கார்ந்தால் ஒரு கால் ஷூவோடு அரை மணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இதுவும் ஏடிஎச்டிதான் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் "சோம்பேறி" என்ற பெயர்தான்.

சிப்காட்டில் எனக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். யார் வீட்டில் இருந்தாலும் ஒரே வரிசை நடக்க வேண்டும் என்று அவளையே படம் வரையச் சொல்லி பீரோவில் ஒட்டினோம். ஷூ, கை கழுவு, சாப்பாடு, மொட்டை மாடியில் ஸ்கிப்பிங், டைரியை எடு. வாயால் சொல்வதை நிறுத்திவிட்டு படத்தைக் காட்டுகிறோம். ஒவ்வொன்று முடிந்ததும் பாட்டிலில் ஒரு புளியங்கொட்டை. ஐந்தும் சேர்ந்தால் அன்று ராத்திரி அவள் சொல்லும் விளையாட்டு. "பரீட்சையில மார்க் வாங்கு, சைக்கிள் வாங்கித் தர்றேன்" என்பதெல்லாம் இந்தப் பிள்ளைகளிடம் எடுபடாது. அன்றைக்கே கையில் கிடைக்க வேண்டும். தப்பு செய்தால் ஒரு கொட்டையை எடுத்துவிடுவோம்.

மருந்து பற்றி ஒன்று. மெத்தில்ஃபெனிடேட் 'எக்ஸ்' அட்டவணை மருந்து, அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ளது. தனி உரிமம் உள்ள கடையில்தான் தருவார்கள், சீட்டும் இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். தீர்ந்த அன்றைக்குத் தேடக் கிளம்பாதீர்கள்.

பாலக்கோடு டீச்சர்:

அரசு தொடக்கப்பள்ளி. நான் பார்க்கும் பல வீடுகளில் சாயங்காலம் பெரியவர்களே இருப்பதில்லை. அப்பா அம்மா கட்டட வேலைக்கு பெங்களூரு போயிருப்பார்கள், பிள்ளை ஆயாவிடம் (பாட்டியிடம்). அந்த ஆயாவிடம் போய் படம் ஒட்டு, டைமர் வை என்றால் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

அப்படி ஒரு பையன். எழுத உட்காரவே மாட்டான் என்று ஆயா புலம்பினார். ஆடு யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டேன். "அவன்தாம்மா, பள்ளிக்கூடம் விட்டதும் ஓட்டிக்கிட்டுப் போவான், ஒண்ணுகூட தப்பாது." உட்காருவதற்கு முன் அவனுக்குத் தேவையான ஓட்டம் அங்கேயே இருந்தது. ஆடு கட்டிய பிறகு எழுதட்டும், அதற்கு முன் கூப்பிட வேண்டாம் என்றேன். என் பக்கம் நான் செய்தது, பதினைந்து கணக்கு கொடுக்கும் இடத்தில் அவனுக்கு ஐந்து. அதிலும் இரண்டை மணி அடிப்பதற்குள் வகுப்பிலேயே முடிக்க வைப்பேன்.

துறுதுறு பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தப் பெயரை வைக்க வேண்டாம். 12 வயதுக்கு முன்பே அறிகுறி தெரிந்திருக்க வேண்டும், 6 மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு பள்ளி என்று ஒரு இடத்துக்கு மேல் தெரிய வேண்டும். சந்தேகம் இருந்தால் பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசு நலத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். 2013இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் 30 குறைபாடுகள் பட்டியலில் ஏடிஎச்டியும் இருக்கிறது. மேல் பரிசோதனைக்கு மாவட்ட மையத்துக்கு அனுப்புவார்கள், செலவு கிடையாது.

காவேரிப்பட்டணம் அம்மா:

ஓசூர் அண்ணா, கொட்டையைத் திரும்ப எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாங்களும் இப்படி ஒரு அட்டையில் ஸ்டார் ஒட்டினோம். ஸ்டாரைக் குறைத்த வாரம் அவன் அட்டையையே கிழித்துவிட்டான். சம்பாதித்தது சம்பாதித்ததாகவே இருக்கட்டும். தப்புக்கு வேறு ஏதாவது வைத்துக்கொள்ளலாம்.

டீச்சர், தனியார் பள்ளியில் இந்த ஐந்து கணக்கை எப்படிக் கேட்பது?

பாலக்கோடு டீச்சர்:

நேரில் போய் வாதம் செய்ய வேண்டாம்மா. டைரியில் எழுதுங்கள்: "30 நிமிடம் உட்கார்ந்து எழுதினான். இவ்வளவுதான் முடிந்தது. மீதியை நான்தான் நிறுத்தச் சொன்னேன்." கீழே கையெழுத்து. டாக்டர் கடிதத்தின் நகலையும் இணையுங்கள்.

ஓசூர் அப்பா:

கொட்டை விஷயம் மகளிடமே கேட்டேன். எடுக்கக் கூடாதாம். சரி, இந்த வாரம் எடுக்காமல் பார்க்கிறோம்.