திரையில் தெளிவாக இருக்கும் படம் அச்சில் இருண்டு, நிறம் மங்கி வருகிறது – உதவி தேவை

உப்புவெளி படப்பெட்டி

வணக்கம். திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். மூன்று வருடங்களாகப் பூப்புனித நீராட்டு விழாக்களுக்கும் சிறிய வீட்டு வைபவங்களுக்கும் படம் எடுத்து வருகிறேன். பிள்ளைகளின் சடங்கு என்பதால், பெண் ஒருவர் கமராவுடன் வருவதையே பல தாய்மார் விரும்புகிறார்கள். இதுவரை படங்களைப் பென்டிரைவில்தான் கொடுத்தேன். இப்போது முதல் தடவையாக ஒரு குடும்பம் அல்பமும், சுவரில் மாட்ட 12×18 அங்குலத்தில் ஒரு பெரிய படமும் கேட்டது.

நகரத்தில் ஒரு கடையில் அல்பத்துக்கான படங்களை அச்சிட்டேன். உறையைத் திறந்ததும் கை நடுங்கிவிட்டது. அரக்குச் சிவப்புப் பட்டு செங்கல் தூள் போல இருக்கிறது. பிள்ளையின் முகத்தில் பச்சை கலந்த சாம்பல் படிந்திருக்கிறது. கூந்தல் எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பூச்சடையின் மல்லிகைகள் ஒரே திட்டாகக் கிடக்கின்றன. தாய் சத்தம் போடவில்லை. படத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அன்றைக்குப் பிள்ளைக்குச் சுகமில்லாமலா இருந்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு இரண்டு இரவுகளாக எனக்குத் தூக்கமில்லை.

24 மெகாபிக்சல் கமரா, றோ கோப்புகள் (கமரா பதிந்ததை அப்படியே வைத்திருப்பவை), லைட்ரூம் மென்பொருளில் திருத்தம். அதே ஜேபெக் கோப்பு என் லாப்டொப்பிலும் தொலைபேசியிலும் மிக அழகாகத் தெரிகிறது. கோப்பே அப்படித்தான் என்கிறார்கள் கடையில். பெரிய படம் அடுத்த வெள்ளிக்குள் வேண்டும். எங்கே பிழை விட்டேன்?

மூதூர் முகில்

தங்கச்சி, எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. முகத்தை மட்டும் தெரிவு செய்து நன்றாக வெளுப்பாக்கிவிடுங்கள். அச்சில் எப்படியும் கொஞ்சம் இருளும்; அப்போது கணக்குச் சரியாக வரும்.

உப்புவெளி படப்பெட்டி

நன்றி அண்ணா. ஆனால் வெளுப்பாக்க எனக்கு மனமில்லை. பிள்ளை மாநிறம். அந்த நிறத்தில்தான் மஞ்சளும் குங்குமமும் அவ்வளவு துலங்கின. அவளை வெள்ளையாக்கித் தரும்படி யாரும் கேட்கவில்லை. அவளுடைய நிறம் அவளுக்குத் திரும்ப வரவேண்டும், அவ்வளவுதான்.

கச்சான் காற்று

நான் 14 வருடங்கள் கொழும்பில் ஒரு கலர் லாப்பில் அச்சு இயந்திரத்தின் முன் நின்றவன். தங்கச்சி சொல்வதே சரி. முகத்தை வெளுத்தால் இந்த ஒரு படம் தப்பும், அடுத்த படத்தில் அதே பிழை வந்து நிற்கும்.

சிலவற்றைச் சொல்லுங்கள். லைட்ரூமிலிருந்து வெளியே எடுக்கும்போது நிறவெளி (கோப்பின் நிற எண்களுக்கான அளவுகோல்) என்ற இடத்தில் என்ன இருக்கிறது? திரையின் வெளிச்சம் எத்தனை வீதம்? எந்த நேரத்தில், எப்படிப்பட்ட அறையில் இருந்து திருத்துகிறீர்கள்? கடைக்கு வாட்ஸ்அப்பிலா அனுப்பினீர்கள்? கடைசியாக ஒன்று: பிள்ளைக்குப் பின்னால் இருந்த அலங்காரம் என்ன நிறம்?

உப்புவெளி படப்பெட்டி

நிறவெளி அடோபி ஆர்ஜிபி. அதில் நிறங்கள் அதிகம் என்று ஒரு காணொளியில் கேட்டு மாற்றினேன். திரை 100 வீதம். பத்து மணிக்குப் பிறகுதான் வேலை செய்வேன். அம்மா அதே அறையில் தூங்குவதால் விளக்கை அணைத்துவிடுவேன். கண் கூசாமல் இருக்க இரவு ஒளி வசதியும் போட்டிருக்கும். வாட்ஸ்அப் இல்லை, பென்டிரைவில் கொடுத்தேன். பின்னணி முழுவதும் சிவப்புத் திரை, சிவப்பு ரோஜா.

மீண்டும் றோவிலிருந்து தொடங்க வேண்டுமென்றால் கொஞ்சம் அவகாசம் தேவை. எல்லாம் வெளி ஹாட் டிஸ்க்கில் இருக்கிறது. ஒரு மாதமாக அது டிக் டிக் என்று சத்தமிடுகிறது, திறக்கவும் நேரமெடுக்கிறது.

சல்லிக்கரை

நிறத்தை ஒரு பக்கம் வையுங்கள் பிள்ளை. அந்த டிஸ்க்கை இப்போதே கழற்றுங்கள். அதில் இருப்பவை வேறெங்காவது இருக்கின்றனவா?

உப்புவெளி படப்பெட்டி

இல்லை அக்கா. அதில் மட்டும்தான். கழற்றிவிட்டேன்.

சல்லிக்கரை

கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னேன். எங்கள் வீடு சல்லி என்ற ஊரில் கரையோரம் இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அலமாரியோடு எல்லா அல்பங்களும் போய்விட்டன. என் கல்யாணப் படம், அப்பாவின் படம், நான் பிறந்த முப்பத்தோராம் நாள் எடுத்த படம், ஒன்றும் மிஞ்சவில்லை. சில நாள் கழித்து மணலில் ஒரு படத்தை எடுத்தேன். உப்புத் தண்ணீரில் ஊறி மேற்பூச்சு கூழாகியிருந்தது. விரல் பட்ட இடத்தில் ஒரு முகம் அப்படியே வழிந்து போனது. அது யாருடைய முகம் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

இன்று என் வீட்டில் அப்பாவின் படம் ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு ரொரன்ரோவில் இருக்கும் சித்திக்குத் தபாலில் அனுப்பிய படத்தைப் பிரதி எடுத்தது. வீட்டில் எத்தனை பிரதி இருந்தாலும் அன்றைக்கு அத்தனையும் ஒன்றாகவே போயிருக்கும். ஊருக்கு வெளியே இருந்த அந்த ஒன்றுதான் வந்து சேர்ந்தது.

மூதூர் முகில்

அக்கா சொன்னதற்குப் பிறகு, நான் வெளுப்பாக்கச் சொன்னதை விட்டுவிடுகிறேன். எனக்குத் தெரிந்த வேலை கணினி திருத்துவது. டிஸ்க்குக்கு வழி சொல்கிறேன்.

முதலில் கேபிளைப் பாருங்கள். நீளமான கேபிளிலோ, பல இணைப்புகள் செருகும் ஹப்பிலோ போட்டால் மின்சாரம் போதாமலும் அதே சத்தம் வரும். குட்டையான கேபிளை நேரே லாப்டொப்பில் செருகி ஒரு தடவை மட்டும் பாருங்கள். சத்தம் நீடித்தால் உள்ளே வாசிக்கும் முனை தடுமாறுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். அங்கே மஞ்சள் நிறம் கண்டால் அதற்குப் பிறகு அந்த டிஸ்க்கில் ஒரு கோப்பைக்கூட எழுதாதீர்கள். பழுதைச் சரிசெய்யவா என்று விண்டோஸ் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தச் சரிசெய்தல் டிஸ்க்கில் எழுதும், இருப்பதையும் குழப்பிவிடும்.

புதிய டிஸ்க் ஒன்றை வாங்கி, இந்தச் சடங்கின் றோ கோப்புகளை முதலில் பிரதி எடுங்கள். மற்றவை பிறகு. ஒரு கோப்பில் சிக்கி நின்றால் திரும்பத் திரும்ப முட்டாமல் தாண்டிப் போங்கள். மிஞ்சுவதற்கு ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும். எங்கே விட்டது என்ற குறிப்பையும் வைத்திருக்கும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கமராவின் மெமரி கார்டை அழித்துவிட்டீர்களா? அழித்திருந்தாலும் அதை இனித் தொடாதீர்கள். மேலே புதிதாக எழுதப்படும்வரை பழைய படங்கள் அதில் கிடக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் தோண்டி எடுத்துத் தரும். பெயர்கள் தொலைந்துபோகும், படம் கிடைக்கும். எடுப்பதை அதே கார்டில் சேமிக்க வேண்டாம்.

கச்சான் காற்று

டிஸ்க் வேலை நடக்கட்டும். அச்சுச் சோதனைக்கு றோ தேவையில்லை, பென்டிரைவில் உள்ள ஜேபெக் போதும்.

உங்கள் பதிலைப் பார்த்தால் நான்கு பிழைகள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. அடோபி ஆர்ஜிபி 1998இல் வந்தது. வழக்கமான நிறவெளியான எஸ்ஆர்ஜிபியைவிட அகலமானது என்பது உண்மை. ஆனால் பல கடைகளின் இயந்திரம் எந்தக் கோப்பு வந்தாலும் எஸ்ஆர்ஜிபி என்றே வாசிக்கும். அகலமான அளவுகோலில் எழுதிய எண்களைக் குறுகிய அளவுகோலால் படித்தால் எல்லா நிறமும் வாடித்தான் தெரியும். செங்கல் தூள் வந்தது அங்கேதான்.

இருள் வந்தது திரையிலிருந்து. இருட்டறையில் 100 வீதத் திரை ஒரு விளக்கு. பல லாப்டொப்கள் முழு வெளிச்சத்தில் சதுர மீற்றருக்கு 250, 300 கன்டெலா (திரை வெளிச்சத்தின் அலகு) வரை எரியும். அச்சுக்காகத் திருத்துபவர்கள் 80 முதல் 120 வரை வைத்துக்கொள்வார்கள். காகிதம் தானாக எரியாது, அதன்மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். விளக்கைப் பார்த்து "போதும்" என்று நீங்கள் நிறுத்திய இடம் காகிதத்துக்குப் போதவில்லை. இரவு ஒளி திரையை மஞ்சளாக்கிவிடும்; மஞ்சளைக் கண்ட கை தன்னை அறியாமல் நீலத்தின் பக்கம் தள்ளும். வேலை நேரத்தில் அதை அணைத்துவிடுங்கள்.

முகத்தின் பச்சைச் சாம்பலுக்குப் பின்னணியில் இருந்த அந்தச் சிவப்புத் திரைச்சீலைதான் காரணம் என்பது என் ஊகம். சிவப்புச் சேலை, சிவப்புத் திரை, சிவப்பு ரோஜா. இயந்திரத்தின் தானியங்கித் திருத்தம் படம் முழுவதையும் சராசரி பார்த்து, சிவப்பு மிகுந்துவிட்டது என்று எண்ணி எதிர்நிறத்தைக் கூட்டும். சேலை அதைத் தாங்கும், முகம் தாங்காது. நாங்கள் அந்த நாட்களில் இப்படிப்பட்ட படங்களைக் கண்ணால் பார்த்து, கையால் திருத்துவோம். கூட்டம் நிறைந்த கடையில் அதற்கு நேரமிருக்காது. அதனால் கடைக்காரரிடம், "திருத்தம் எதுவும் வேண்டாம், கோப்பில் உள்ளபடி அடியுங்கள்" என்று வாயால் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. முகம் பெரிதாகத் தெரியும் ஒரு படத்தை நான்கு விதமாகச் செய்யுங்கள். ஒன்று, இருந்தபடியே. இரண்டு, எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றியது. மூன்று, மாற்றி அரை ஸ்டொப் வெளிச்சம் கூட்டியது (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). நான்கு, மாற்றி ஒரு ஸ்டொப் கூட்டியது. ஜிம்ப் மென்பொருளில் நிற விவரத்தை மாற்றும் (Convert) கட்டளையையே தெரிவு செய்யுங்கள். பக்கத்தில், நிற விவரத்தை ஒட்டும் (Assign) கட்டளையும் இருக்கும். அது பெயர்ப்பலகையை மட்டும் மாற்றி, எண்களை அப்படியே விட்டுவிடும். படத்தின் மூலையில் 1, 2, 3, 4 என்று எழுதுங்கள், கையில் வந்ததும் குழம்பும். நான்கையும் 6×4 அளவில் ஒரே நாளில், ஒரே தாளில் அடித்து, காலை பத்து மணிபோல நேர்வெயில் படாத ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். கடையின் குழல் விளக்கின் கீழ் முடிவெடுக்க வேண்டாம்.

உப்புவெளி படப்பெட்டி (ஐந்து நாள் கழித்து)

முதலில் அச்சு. ஒன்று பழைய செங்கல்தான், ஆனால் திருத்தம் வேண்டாம் என்று சொன்னதால் முகத்தில் பச்சை இல்லை. இரண்டில் பட்டின் அரக்குச் சிவப்பு திரும்பிவிட்டது. முகம் மட்டும் இருள். மூன்றை ஜன்னலில் வைத்தபோது எனக்குக் கண் கலங்கியது. பூச்சடையில் மல்லிகையை ஒவ்வொன்றாக எண்ணலாம். கன்னத்தில் பூசிய மஞ்சள் தனியாகத் தெரிகிறது. நான்கில் நெற்றிச்சுட்டிக் கற்கள் வெறும் வெள்ளைப் புள்ளிகளாகிவிட்டன.

பிறகு, இரவு ஒளியை அணைத்துவிட்டு, பகலில், வெற்று வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறந்து, பக்கத்தில் ஏ4 தாள் ஒன்றைப் பிடித்து, இரண்டும் ஒரேபோல் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறைத்தேன். 35 வீதத்தில் நின்றது. அந்த நிலையில் என் பழைய கோப்பைத் திறந்தால், திரையிலேயே முகம் அச்சில் வந்ததைப் போல இருண்டு கிடக்கிறது. கடையில் சொன்னதிலும் உண்மை இருந்திருக்கிறது.

டிஸ்க்: கேபிளை மாற்றியும் சத்தம் நிற்கவில்லை, மென்பொருள் மஞ்சள் காட்டியது. புதிய டிஸ்க்குகள் இரண்டு வாங்கினேன். சடங்கின் 612 றோ கோப்புகளில் 31 படிக்க முடியவில்லை. டிடிரெஸ்க்யூ இரண்டு இரவுகள் ஓடி அவற்றில் 22ஐ மீட்டது. கார்டில் அதற்குப் பிறகு ஒரு பிறந்தநாள் வீட்டில் கொஞ்சம் எடுத்திருந்தேன். அப்படியும் ஃபோட்டோரெக் இன்னும் 7 தந்தது. இரண்டு போய்விட்டன. இரண்டும் ஆலாத்தி எடுக்கும்போது எடுத்தவை. அடுத்தடுத்த படங்கள் இருக்கின்றன. முகில் அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

மூதூர் முகில்

612இல் இரண்டு! நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்திருக்கிறது. அந்தப் பழைய டிஸ்க்கை இனி எதற்கும் பாவிக்காதீர்கள்.

கச்சான் காற்று

மூன்றாம் இலக்கத்தின் அளவிலேயே பெரிய படத்தையும் செய்யுங்கள். உங்கள் கமராவின் படம் 6000×4000 புள்ளிகள். 18 அங்குலத்துக்கு அங்குலமொன்றுக்கு 333 வரும், தாராளம். 12×18இன் விகிதமும் கமராவின் விகிதமும் ஒன்றுதான், எதுவும் வெட்டுப்படாது. 8×10 கேட்பவர்களிடம் மட்டும் நீளப்பக்கத்தில் கொஞ்சம் போகும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

சல்லிக்கரை

சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள் பிள்ளை. வாடை மழைக் காலத்தில் நம் ஊர் ஈரத்துக்குப் படம் கண்ணாடியில் ஒட்டிவிடும், பிறகு கிழியாமல் பிரிக்க முடியாது. டிஸ்க்குகளை இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். இரண்டையும் எங்கே வைத்திருக்கிறீர்கள்?

உப்புவெளி படப்பெட்டி

மவுண்ட் அட்டை போட்டுப் பெரிய படத்தை நேற்றே கொடுத்துவிட்டேன் அக்கா. தாய் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். பிறகு பிள்ளையைக் கூப்பிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

டிஸ்க் ஒன்று வீட்டில் இருக்கிறது. மற்றது நாளைக் காலை பஸ்ஸில் மட்டக்களப்புக்கு, மாமி வீட்டுக்குப் போகிறது.