அப்பத்தாவின் தொண்டையில் மீன் முள்: இன்னும் காத்திருக்கலாமா?

கேட்டவர்: தங்கச்சிமடத்துப் பேரன்

அனைவருக்கும் வணக்கம். நேற்று இரவு எங்கள் வீட்டில் முள்ளுவாளைக் குழம்பு. எழுபது வயதைத் தாண்டிய என் அப்பத்தா, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வலப்பக்கம் ஏதோ குத்துகிறது என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்கினார், பிறகு வாழைப்பழமும் சாப்பிட்டார். அப்போது சற்றுக் குறைந்தாற்போல் இருந்ததாம். ஆனால் இன்று காலை எழுந்ததிலிருந்து, எச்சில் விழுங்கும்போதெல்லாம் தாடைக்குக் கீழே அதே வலப்பக்கத்தில் சுருக்கென்று குத்துவதாகச் சொல்கிறார். மூச்சு விடுவதில் சிரமம் இல்லை, காய்ச்சலும் இல்லை. காபி குடித்தார், இட்லியைத் தள்ளி வைத்துவிட்டார். அவருக்கு மேல்வரிசை முழுவதும் பல் செட்டு. சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார்.

முள் இன்னும் உள்ளே இருக்கிறதா, அல்லது அது கீறிவிட்டுப் போன வலிதானா என்பதை வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது? வினிகர் குடித்தால் முள் கரைந்துவிடும் என்கிறார்களே, அது சரியா? இங்கேயே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் போதுமா, பாலம் தாண்டி ராமநாதபுரம் வரை அவரை அழைத்துச் செல்ல வேண்டுமா?

பதில்: ஏர்வாடி நெய்தல்

தம்பி, மீன் இல்லாமல் சோறு இறங்காத வீடு எங்களுடையது. சூடையோ காரலோ சாப்பிடும் பிள்ளைகளுக்கு முள் குத்துவது இங்கே அடிக்கடி நடக்கும்; சோற்று உருண்டை கொடுப்போம், பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவே பயப்பட வேண்டாம். ஆனாலும் ஓர் இரவு கடந்தும் அதே இடத்தில் குத்துகிறது என்றால், வெளிச்சத்தில் உட்கார வைத்து, கரண்டிக் காம்பால் நாக்கை மெதுவாக அழுத்தி, டார்ச் அடித்து ஒரு தடவை பாருங்கள். விரலை விட்டுத் துழாவாதீர்கள்.

பதில்: மண்டபத்தில் பிறந்த காது மூக்கு தொண்டை மருத்துவர்

அப்பத்தாவை இன்றே அழைத்துச் செல்லுங்கள். இதை உறுதியாகச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு.

முள் கீறிவிட்டு வயிற்றுக்குள் போய்விட்டால்கூட, கீறிய இடத்தில் ஓரிரு நாள் உறுத்தல் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வலி மணிக்கு மணி குறைந்துகொண்டே வரும், இடமும் தெளிவாகச் சொல்ல வராது. விழுங்கும் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கத்தில், ஒரே புள்ளியில், குறையாமல் குத்தினால், முள் அங்கேயே இருக்கிறது என்று எண்ணித்தான் நாங்கள் தேடுவோம். உள்நாக்குக்கு இரு பக்கமும் உள்ள டான்சில், நாக்கின் அடிப்பகுதி, குரல்வளைக்கு அருகிலுள்ள குழிவுகள் ஆகியவையே முள் வழக்கமாகத் தைக்கும் இடங்கள். டான்சிலில் தைத்தது டார்ச் வெளிச்சத்தில் தெரியலாம், ஆனால் ஈரம் பட்ட மெல்லிய முள் எச்சில் இழைபோலவே இருக்கும் என்பதால் பழகாத கண் அதைத் தவறவிடும். நாக்கின் அடியில் தைத்ததை வீட்டில் எவராலும் பார்க்க முடியாது.

சோற்று உருண்டையைப் பற்றி, ஏர்வாடிச் சகோதரி மனம் வருந்தாமல் கேட்க வேண்டும். அது கொடுத்துச் சரியானவர்களில் பலருக்கு முள் தானாகவே இறங்கியிருக்கும், அல்லது கீறல் மட்டுமே இருந்திருக்கும். உண்மையாகவே தைத்திருக்கும் முள்ளை உருண்டை மேலிருந்து அழுத்தும்போது, எளிதாக எடுக்கக்கூடிய இடத்திலிருந்த முள் தசைக்குள் புதைந்துவிடலாம், உணவுக்குழாய்க்கும் போய்விடலாம். அங்கே அது சுவரைத் துளைத்தால் கழுத்திலோ நெஞ்சுக்குள்ளோ சீழ் பிடிக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தச் சீழ் வேகமாகப் பரவும். வினிகரும் அப்படித்தான்: ஒரு முள்ளை மணிக்கணக்கில் அதில் ஊற வைத்தால் இளகலாம், தொண்டையைக் கடந்து நொடியில் இறங்கிவிடும் ஒரு மடக்கு எதையும் கரைக்காது, கீறல் மட்டும் எரியும்.

பல் செட்டைப் பற்றி நீங்களாகவே எழுதியது மிகவும் நல்லது. மேல் செட்டு அண்ணத்தை மூடிவிடுவதால், வாயில் முள் இருப்பதை நாக்கும் அண்ணமும் சேர்ந்து கண்டுபிடிக்கும் உணர்வு மங்கிவிடுகிறது. அதனால்தான் செட்டு வைத்திருக்கும் முதியவர்கள் பெரிய முள்ளைக்கூட அறியாமல் விழுங்கிவிடுகிறார்கள்.

எக்ஸ்ரே எடுத்து, ஒன்றும் இல்லை என்று வந்தால் அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். பல மீன்களின் முள் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. வயதானவர்களுக்குக் குரல்வளைக் குருத்தெலும்பில் சுண்ணாம்பு படிந்திருப்பதால் அதுவே முள்போலக் காட்டிக் குழப்புவதும் உண்டு. மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவைச் செலுத்திப் பார்ப்பது சில நிமிட வேலை, மரத்துப்போகும் மருந்து அடித்துவிட்டுத்தான் செய்வோம். அதிலும் தெரியாமல் வலி தொடர்ந்தால் சி.டி. ஸ்கேன் எடுப்போம். உணவுக்குழாயில் கூர்மையான பொருள் இருப்பது தெரிந்தால் முடிந்தவரை இரண்டு மணி நேரத்துக்குள், அதிகம் போனால் ஆறு மணி நேரத்தைத் தாண்ட விடாமல் எடுத்தாக வேண்டும்.

பதில்: கீழக்கரை ஓய்வுபெற்ற செவிலியர்

மருத்துவர் சொன்னதோடு, புறப்படும் முன் கவனிக்க வேண்டியதைச் சேர்க்கிறேன். மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டியிருந்தால் ஆறு மணி நேரமாவது திட உணவு உண்ணாமல் இருக்க வேண்டும், ஆகவே இனி எதையும் ஊட்டாதீர்கள். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் நெடுநேரம் இருந்தால் தலைசுற்றும் என்பதால், அடுத்த வேளை மாத்திரையைப் பற்றி மருத்துவமனையில் கேட்டுக்கொண்டு கொடுங்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவராக இருந்தால் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே நேராகச் செல்லலாம். இடையில் எக்ஸ்ரேக்காக நின்று நேரத்தை இழக்க வேண்டாம்.

எச்சிலை விழுங்க முடியாமல் வாயிலிருந்து வழிவது, மூச்சுத் திணறல், குரல் மாறுவது, இரத்தம் துப்புவது, நெஞ்சிலோ முதுகிலோ வலி, கழுத்து வீக்கம் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் பேருந்துக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கேட்டவர்: தங்கச்சிமடத்துப் பேரன்

மிக்க நன்றி. உடனே அழைத்துச் சென்றோம். நாக்கின் அடியும் குரல்வளை மூடியும் சேருகிற குழிவில், வலப்பக்கமாகவே முள் தைத்திருந்தது. மரத்துப்போகும் மருந்து அடித்து, கேமராவில் பார்த்தபடியே எடுத்துவிட்டார்கள். இரு முனையும் ஊசியாக, வளைந்த மெல்லிய முள். வலி மிச்சம் இருப்பதாகச் சொல்கிறார். எப்போதிலிருந்து வழக்கம்போல் சாப்பிடலாம் என்றும், மீனை விட்டுவிட வேண்டுமா என்றும் என்னைக் கேட்கச் சொன்னார்.

பதில்: மண்டபத்தில் பிறந்த காது மூக்கு தொண்டை மருத்துவர்

மருந்தின் மரப்பு முழுதும் தெளிந்த பிறகு தண்ணீர் கொடுத்துப் பாருங்கள், புரை ஏறாவிட்டால் இன்றும் நாளையும் ஆறிய கஞ்சி, குழைந்த சோறு, தயிர் போதும். உறுத்தல் ஓரிரு நாளில் அடங்கிவிடும். குறையாமல் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மீண்டும் கொண்டு வந்து காட்டுங்கள். மீனை விட வேண்டிய அவசியம் இல்லை. முள்ளுவாளையையும் சூடையையும் அவருக்குத் தவிர்த்து, சீலாவோ பாறையோ துண்டாக வாங்கி, நடுமுள்ளை நீக்கி, சதையை நீங்களே விரலால் தடவிப் பார்த்துத் தட்டில் வையுங்கள். குழம்புச் சோற்றோடு மீனைப் பிசைந்து கொடுக்க வேண்டாம், சோறும் மீனும் தனித்தனியாகவே இருக்கட்டும்.