ஆட்டக்காரரை மறித்தால் அரசாங்கம் அசையுமா?

டர்பன்_செல்வி:
2024 ஜனவரி, 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை தொடங்கச் சில நாள். டேவிட் டீகரின் கேப்டன் பதவியை நம்ம தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வாரியம் எடுத்துவிட்டது. முந்தைய அக்டோபரில் ஒரு விருது மேடையில் இஸ்ரேல் படைவீரர்களைப் புகழ்ந்து பேசியவர். விசாரணை நடந்தது, குற்றமில்லை என்று முடிந்தது. அப்புறமும் "ஆர்ப்பாட்டம் வரும், பாதுகாப்புக்கு ஆபத்து" என்று இறக்கினார்கள். எங்க வீட்டில் இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை, போன ஞாயிறு பிரியாணியே ஆறிப்போச்சு. இஸ்ரேல் அரசாங்கத்தின் மேல் கோபம் என்றால் பத்தொன்பது வயசுப் பையனை ஏன் பிடிக்கணும்?

ரிவர்சைடு_தாத்தா:
செல்வி அம்மா, அப்போ எனக்குப் பத்து வயசு. 1963 நேட்டால் ஓப்பன் கோல்ஃப் போட்டி. நம்ம பாப்வா செவ்கோலம், கையை மாற்றிப் பிடித்து அடிப்பாரே, அவர் வெள்ளைக்காரர்களை ஜெயித்தார். கோப்பையை எங்கே வாங்கினார்? வெளியே, கொட்டுகிற மழையில். இந்தியருக்குக் கிளப் உள்ளே இடமில்லை. எங்கப்பா அங்கே ஆட்டக்காரர்களுக்கு கோல்ஃப் பை தூக்குகிறவர். சட்டை பிழிகிற மாதிரி நனைந்து வந்து, "ஜெயிச்சவனும் நனைஞ்சான், நானும் நனைஞ்சேன்" என்றார். 1965-இல் பாப்வா, நம்ம நாட்டு வெள்ளைக்கார கோல்ஃப் நட்சத்திரம் கேரி பிளேயரையே தோற்கடித்தார். அப்புறம் அவரை ஆடவே விடவில்லை. விளையாட்டு வேறே, அரசியல் வேறே என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

மேரிட்ஸ்பர்க்_குமார்:
தாத்தா, பாப்வாவை நனையவிட்டது சட்டம். பிளேயர் இல்லை.

ரிவர்சைடு_தாத்தா:
பிளேயர் சும்மா ஆடிவிட்டுப் போனவர் இல்லை தம்பி. தான் நிறவெறிப் பிரதமர் ஃபெர்வூர்டின் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவன் என்று 1966-இல் தன் புத்தகத்திலேயே எழுதினார். (பின்னாளில் மாற்றிச் சொன்னார், அதையும் மறைக்க மாட்டேன்.) 1969-இல் அமெரிக்காவின் டேட்டனில் அவர் முகத்தில் ஐஸ் எறிந்தார்கள் என்றால் வானத்திலிருந்து விழவில்லை.

மேரிட்ஸ்பர்க்_குமார்:
எறிந்து என்ன ஆச்சு? ஒரே அடி வித்தியாசத்தில் ரேமண்ட் ஃபிளாய்டிடம் தோற்றார். இங்கே ஒரு சட்டமாவது மாறியதா? வலித்தது எது தெரியுமா, 1970-இல் நம்ம கிரிக்கெட் அணியின் இங்கிலாந்துப் பயணமே ரத்தானது. அதில் அடி வாங்கியது மொத்த அணி, அதை அனுப்புகிற வாரியம். தனி ஆளை அடித்தால் பேப்பரில் படம் வரும், அவ்வளவுதான்.

டர்பன்_செல்வி:
ஆனா அண்ணே, 1971-இல் பிளேயர்தானே அமெரிக்கக் கறுப்பின கோல்ஃப் ஆட்டக்காரர் லீ எல்டரை இங்கே ஆட அழைத்தார்? ஐஸ் பட்டதால்தான் அழைத்தார் என்று நான் சொல்லவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாதே.

லெனேசியா_நித்யா:
ஓட்டக்காரி ஸோலா பட் என்ற பெண்ணை எல்லோரும் மறந்துட்டீங்க. நம்ம ப்ளூம்ஃபோன்டைன் ஊர்க்காரி, செருப்பில்லாமல் ஓடும். 1984-இல் பதினேழு வயசு. ஒரு லண்டன் பத்திரிகை அழைத்துப்போய் அவசர அவசரமா பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிக் கொடுத்தது. ஓடுகிற இடமெல்லாம் நிறவெறிக்கு எதிரான ஆர்ப்பாட்டம். 1986 எடின்பரோ காமன்வெல்த் போட்டியில் ஓடவே முடியவில்லை. 1988-இல் ஊருக்கே திரும்பிவிட்டாள். சந்து பொந்தில் பறக்கிற மினிபஸ் டாக்சிக்கு இங்கே அவள் பேரையே வைத்திருந்தார்கள். அது பாசமா கிண்டலா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ரிவர்சைடு_தாத்தா:
நிறவெறியைக் கண்டித்து ஒரு வார்த்தை சொல் என்றுதான் கேட்டார்கள். வாயைத் திறக்கவில்லையே.

மேரிட்ஸ்பர்க்_குமார்:
அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நாளைக்கு நம்ம வீட்டுப் பிள்ளை வெளியூர் ஆடப்போகும். வாசலில் ஒருத்தன், "இந்தியா செய்வது சரியா தப்பா, சொல்லிவிட்டு உள்ளே போ" என்பான். பிறந்ததே இங்கே டர்பன் சாட்ஸ்வர்த்தில், அது என்னத்தைச் சொல்லும்?

லெனேசியா_நித்யா:
வாயை மூடியிருந்தவள் வேறே, மேடையேறிப் பேசியவன் வேறே இல்லையா? பேசினால் பதில் வரத்தான் செய்யும். ஆனா பதில் என்றால் பதவியைப் பிடுங்குவதா?

டர்பன்_செல்வி:
தாத்தா, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கச் சொல்கிறார். டீகருக்கு எதிராக நீங்க போய் நின்றிருப்பீங்களா?

ரிவர்சைடு_தாத்தா:
மைதான வாசலில் தட்டி பிடித்து நின்றிருப்பேன். அவன் பேச்சுக்கு என் பேச்சு. பதவியைப் பறி என்று கேட்டிருக்க மாட்டேன். பறித்தது வாசலில் நின்றவர்கள் இல்லை அம்மா, உள்ளே பயந்தவர்கள். பாதுகாப்பு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள்.

மேரிட்ஸ்பர்க்_குமார்:
அவர்கள் பயப்பட வேண்டும் என்றுதானே தாத்தா தட்டியே பிடிப்பது?